சவுத் டவுன்ஸ் வே: ஆஃப்ரோடு சைக்கிளுக்கு எவ்வளவு தேறும்?

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றுகளின் முதுகில், வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் நீள்கிறது சவுத் டவுன்ஸ் வே. நடப்பவர்களோடு குதிரையும் சைக்கிளும் சேர்ந்து போகலாம் என்று 1972-இல் திறக்கப்பட்ட முதல் நெடுந்தூரத் தேசியப் பாதை இதுதான். அப்போது ஹாம்ப்ஷர் எல்லையோடு நின்றது. வின்செஸ்டர் வரை பிறகு நீட்டினார்கள். உச்சி, பட்சர் குன்று. அது 270 மீட்டர்தான். எண்ணைக் கேட்டால் மேடு என்றே தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் கடல்மட்டம் வரை இறங்கி மறுபடி 200 மீட்டர் ஏற வேண்டும். கூட்டிப் பார்த்தால் மொத்த ஏற்றம் ஏறக்குறைய 4,000 மீட்டர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தென் இங்கிலாந்தில் மண்பாதையில் சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அந்தப் பெயரை இதற்கு வாங்கிக் கொடுப்பது தரையோ காட்சியோ அல்ல, அறுபடாத தொடர்ச்சி. பாதை நடுவழியில் கைவிடாது. இது எவ்வளவு அரிது என்று தெரிந்தால்தான் மற்றக் குறைகளைச் சரியாக எடைபோட முடியும்.

இங்கிலாந்தின் பொதுப் பாதைகளில் முக்கால் பங்குக்கு மேல் நடைபாதைகள். சைக்கிள் போகலாம் என்று சட்டம் அனுமதிப்பது மீதி 22 விழுக்காட்டில்தான். அதிலும் பெரும்பகுதி ‘பிரைடில்வே’ எனப்படும் குதிரைப்பாதைகள். அவையும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதைகளைப் பதிவு செய்தபோது, அந்தந்தக் கிராமச் சபையே தன் எல்லைக்குள் கணக்கெடுத்தது. ஒரு கிராமம் குதிரைப்பாதை என்று எழுதியதை அடுத்த கிராமம் நடைபாதை என்று எழுதிவிட்டது. பாதை ஒன்றுதான், அகலமும் ஒன்றுதான். ஆனால் வயல் நடுவில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டியதும் சைக்கிளுக்கு உரிமை போய்விடும். எழுபது ஆண்டு கழித்தும் வரைபடத்தில் நீளப் பச்சைக்கோடு திடீரெனக் குட்டைக் கோடாக மாறும் இடங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தேசியப் பாதைகளே இதற்குத் தப்பவில்லை. ரிட்ஜ்வேயின் மேற்குப் பாதியில், ஸ்ட்ரீட்லி வரை, தாராளமாக ஓட்டலாம். தேம்ஸைக் கடந்ததும் பல இடங்களில் அது வெறும் நடைபாதை. நார்த் டவுன்ஸ் வேயில் சைக்கிளுக்கு ஆங்காங்கே சில துண்டுகள்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சைக்கிளில் போகலாம் என்று நம்பிக் கிளம்பக்கூடிய தேசியப் பாதைகள் இதுவும் வடக்கே பென்னைன் பிரைடில்வேயும்தான்.

உரிமை எதுவரை

பிரைடில்வேயில் சைக்கிள் ஓட்டும் உரிமை 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம், 30-ஆம் பிரிவில் வந்தது. அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும். இரண்டாவது, சைக்கிளுக்கு வசதியாகப் பாதையைச் செப்பனிடும் கடமை யாருக்கும் இல்லை. குதிரை போக முடிகிறதா என்பதே அளவுகோல். குளம்பு தாண்டிவிடும் சேற்றுக்குழியில் உங்கள் சக்கரம் புதைந்தால், சட்டப்படி பாதை பழுதில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொல்லலாம். புகார் எழுதும்போது இதை மறக்கக் கூடாது. எப்படி எழுதினால் எடுபடும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

250 வாட், மணிக்கு 15.5 மைல் வரம்புக்குள் உதவும் பெடல் மின்சைக்கிள் சட்டத்தின் கண்ணில் சைக்கிள்தான், தாராளமாகப் போகலாம். அதைவிடச் சக்தி கூடினாலோ வெறும் திராட்டிலில் ஓடினாலோ மோட்டார் வாகனமாகிவிடும், இங்கே இடமில்லை. அனுமதி பெறாமல் சைக்கிள் பந்தயம் நடத்துவது குற்றம்.

கேட்டுகள்

இந்தப் பாதையின் தரத்தைத் தீர்மானிப்பது கேட்டுகள்தான். ஆடு மாடு மேயும் குன்றுகள் என்பதால் வழியெங்கும் டஜன் கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் என்று வைத்தாலும், முழுப் பாதைக்கு எவ்வளவு நேரம் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல கேட்டும் கெட்ட கேட்டும் ஓட்டத்தின் தாளத்தையே மாற்றிவிடும்.

பிரைடில்வேயில் கேட்டின் அகலம் குறைந்தது 5 அடி, அதாவது 1.525 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 145-ஆம் பிரிவு. இன்றைய மலைச்சைக்கிளின் ஹேண்டில்பார் 780 முதல் 800 மில்லிமீட்டர். பக்கத்தில் ஒரு ஆளும் நடக்க மிச்ச இடம் போதும். தென் டவுன்ஸில் பெரும்பாலான கேட்டுகள் இந்த அளவைத் தாண்டியே இருக்கின்றன. குறை அகலத்தில் இல்லை. தூணிலும் தாழ்ப்பாளிலும் இருக்கிறது.

தானே மூடிக்கொள்ளும் மரக்கேட்டை ஒரு முறை நின்று பாருங்கள். ஸ்பிரிங் எதுவும் இருக்காது. மேல்கீலும் கீழ்க்கீலும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று விலக்கிப் பொருத்தியிருப்பார்கள். திறக்கும்போது கேட்டின் நுனி மெல்ல மேலே எழும்பும். விட்டதும் சொந்த எடையிலேயே இறங்கி வந்து மூடும். இரு பக்கமும் திறக்கும் வகையில் கீழ்க்கீலுக்கு இரண்டு தாங்கல் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்றை விட்டு மற்றொன்றின் மேல் திரும்பும். எளிமையான, அழகான வேலைப்பாடு. ஆனால் எல்லாமே தூண் செங்குத்தாக நிற்பதை நம்பித்தான் இருக்கிறது. ஈரத்தில் மண் இளகித் தூண் இரண்டு டிகிரி சாய்ந்தாலும் போதும். கேட்டின் நுனி தாழ்ந்து, தாழ்ப்பாளின் நாக்கு கொண்டிக்குக் கீழே போய் முட்டும். பிறகு ஒரு கையால் கேட்டைத் தூக்கி, மறு கையால் தாழ்ப்பாளை இழுக்க வேண்டும். சைக்கிளைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். குதிரை மேல் இருப்பவருக்கு அதுவும் முடியாது, இறங்கியே தீர வேண்டும்.

தூண் ஏன் சாய்கிறது? பெரும்பாலும் ஆழம் போதாது. தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருந்து, சுற்றிலும் கல் போட்டு அடுக்கடுக்காக இடித்திருக்க வேண்டும். மேலே அரையடிக்குக் காங்கிரீட் ஊற்றிவிட்டு அடியில் மண்ணை அப்படியே விட்டால், ஓராண்டில் அந்தக் கட்டியோடு சேர்ந்தே தூண் சாயும். இரண்டாவது காரணம், கேட்டருகே தேங்கும் தண்ணீர். எல்லாச் சக்கரமும் எல்லாக் குளம்பும் ஒரே இடத்தில் நின்று திரும்புவதால் அங்கே பள்ளம் விழும், தண்ணீர் நிற்கும், தூணின் அடிமண் குழம்பாகும். தூணை மட்டும் மாற்றிப் பள்ளத்தை விட்டுவைத்தால் அடுத்த குளிர்காலத்தில் பழைய கதைதான். கேட்டின் இருபுறமும் சில மீட்டருக்கு மேல்மண்ணை எடுத்து, துணி விரித்து, கல் நிரப்பி, ஒரு பக்கமாகத் தண்ணீர் வழியும்படி லேசான சரிவு கொடுத்தால்தான் வேலை நிலைக்கும்.

தாழ்ப்பாள்களில் உயரமாக நிற்கும் நீள்கைப்பிடி வகைதான் சிறந்தது. குதிரைக்காரர் குனிய வேண்டாம். சைக்கிள்காரர் சைக்கிளின் சீட்டைப் பிடித்தபடியே ஒரு கையால் இழுக்கலாம். சங்கிலியும் கொக்கியும் போட்ட கேட்டுகள் ஆங்காங்கே மிஞ்சியிருக்கின்றன. குளிரில் கையுறையோடு அவற்றைத் திறப்பது பெரிய பாடு.

கேட்டைக் கடக்கும் முறைக்கு இரண்டு குறிப்பு. தாழ்ப்பாள் பக்கமாக இறங்குங்கள். சைக்கிளை உடம்புக்கு அந்தப்புறம் வைத்து, திரும்பிவரும் கேட்டை உங்கள் முதுகு தாங்கும்படி நடந்து போங்கள். சைக்கிளைக் கேட்டுப் பக்கம் வைத்தால் அது வந்து அடிப்பது பின்சக்கரத்தை, அதுவும் வலப்பக்கமானால் கியர் மாற்றியை. கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி வளைந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. கடந்த பிறகு தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வசந்தத்தில் குட்டி ஈனும் காலம். திறந்து கிடந்த ஒரு கேட்டால் இரண்டு மந்தை கலந்துவிட்டால் அதைப் பிரிக்க விவசாயிக்கு ஒரு நாள் போகும். சைக்கிளுக்குப் புதுப்பாதை கேட்டுப் போகும்போது எதிரில் உட்கார்ந்திருப்பவரும் அதே விவசாயிதான்.

தரை

வெயில் காலத்தில் சுண்ணாம்புத் தரை சிமெண்டு மாதிரி இறுகியிருக்கும். மேலே உதிரிக் கற்கள் கோலிக்குண்டாக உருளும். மழை பெய்த அன்று அதே தரை சோப்பு பூசினாற்போல் வழுக்கும். சுண்ணாம்பின் மேற்பரப்பு கரைந்து வெள்ளைக் களிம்பாகி டயரின் பொத்தான்களை நிரப்பிவிடுவதால், எவ்வளவு ஆழமான டயரும் மொட்டை டயராகிவிடுகிறது. மரங்களடியில் நிழலில் கிடக்கும் சரிவுகள் இன்னும் மோசம், பாசி பிடித்திருக்கும். நனைந்த சுண்ணாம்புச் சரிவில் முன்பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள். தடத்தின் ஓரப் புல்லில் ஒரு சக்கரத்தையாவது வைத்து இறங்குங்கள்.

குன்றுகளின் உச்சியில் காடு இருக்கும் இடங்களில் சுண்ணாம்புக்கு மேல் சக்கிமுக்கிக்கல் கலந்த களிமண் போர்வை ஒன்று உண்டு. கிராஃபம் டவுன் என்ற குன்றின் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை இதுதான் ஆளை அடிக்கும். டயருக்கும் சைக்கிளின் சட்டகத்துக்கும் நடுவில் களிமண் அப்பிச் சக்கரமே நின்றுவிடும். குளிர்காலத்தில் போவதானால் ஒருபடி ஒல்லியான டயர் போட்டு இடைவெளி விடுவது நல்லது. முழுப் பாதைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் சரியான காலம்.

சக்கிமுக்கிக்கல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி உடைவது போலத்தான் அதுவும் உடையும், விளிம்பு கத்தி. ஆணி குத்தியது போலச் சிறு துளை போடாது, டயரைக் கிழிக்கும், அதுவும் பக்கச்சுவரை. ஆகவே இங்கே எடை குறைந்த பந்தய டயரைப் போடாதீர்கள். பக்கச்சுவர் பலப்படுத்திய, 29 அங்குலச் சக்கரத்தில் 2.2 அல்லது 2.25 அகல டயரே பொருத்தம். டியூப் இல்லாத அமைப்பில் ஒரு டயருக்கு 80 முதல் 100 மில்லி சீலண்ட் (துளையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். போன வசந்தத்தில் ஊற்றியதை நம்ப வேண்டாம், இரண்டு முதல் நான்கு மாதத்தில் உள்ளே காய்ந்துவிடும். வால்வைக் கழற்றிக் குச்சியை விட்டுப் பார்த்தால் தெரியும்.

காற்றழுத்தம், 75 கிலோ எடையுள்ளவருக்கு, முன்னால் 22-24, பின்னால் 25-27 பிஎஸ்ஐ. அதற்குக் கீழே போனால் கல்லின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கிக் கிழியும். மேலே போனால் ஈரச் சுண்ணாம்பில் பிடிப்பு இருக்காது. கிராவல் சைக்கிளிலும் (மண்பாதைக்கு ஏற்ற சாலைச் சைக்கிள்) போகலாம், வறண்ட காலத்தில் வேகமாகவே போகலாம். 45 மில்லிமீட்டர் டயர், 30-35 பிஎஸ்ஐ. 40-க்குக் கீழே வேண்டாம். இறக்கங்களில் கையும் தோளும் களைத்துப்போகும்.

கிழிந்தால் செய்வது இது. நாலைந்து மில்லிமீட்டர் வரை ரப்பர்த் திரி போதும். சீலண்ட் ஊறும் இடத்தைக் கீழே திருப்பி வைத்து, திரியை ஊசியோடு செருகி, நுனி கொஞ்சம் வெளியே தெரியும்படி விட்டு இழுங்கள். அதைவிடப் பெரிய கிழிசலுக்கு டயரைக் கழற்றி, பழைய டயரிலிருந்து வெட்டிய 5 × 3 சென்டிமீட்டர் துண்டை உட்புறம் வைத்து டியூப் போட வேண்டும். டியூபை நுழைக்குமுன் டயரின் உட்புறம் முழுவதும் துணியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலால் தடவினால் விரல் கிழியும், தடவாமல் விட்டால் ஒளிந்திருக்கும் சில்லு புது டியூபையும் கிழிக்கும். ஆளுக்கு இரண்டு டியூப் கொண்டுபோவதில் தவறில்லை.

சுண்ணாம்புக் களிம்பு பிரேக் பேடை அரைக்கும் வேகம் நம்ப முடியாதது. ஈரக்காலத்தில் உலோகத் துகள் கலந்த பேடுகளே தாங்கும். மென்பிசின் வகை ஒரே நாளில் தகடு தெரியுமளவு தேயக்கூடும். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். காய்ந்தால் சங்கிலியில் பூச்சுவேலை செய்தது போல் பிடித்துக்கொள்ளும்.

பாதையைப் பராமரிப்பவர்கள் செய்யும் ஒரு தவறு பற்றி. செங்குத்தான சரிவுகளில் மழைநீர் சக்கரத் தடத்திலேயே ஓடி வாய்க்கால் வெட்டிவிடுகிறது. அதைத் தடுக்கக் குறுக்கே சாய்வாக மரக்கட்டை பதிப்பது பழைய வழக்கம். நடப்பவருக்குப் பாதகமில்லை. இறங்கி வரும் சைக்கிளுக்கோ, நனைந்த கட்டை சாய்கோணத்தில் கிடந்தால் முன்சக்கரம் பக்கவாட்டில் சறுக்கும். பலர் விழுவது இங்கேதான். கட்டைக்குப் பதிலாகத் தரையிலேயே நீளமான, மழுங்கிய தாழ்வும் எழுச்சியும் அமைத்தால் தண்ணீர் வெளியேறும், சக்கரம் அதன் மேல் மிதந்து போகும், குதிரைக்கும் நல்லது. மண் கூடுதலாகத் தோண்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். புதிதாகத் தடம் வெட்டும் இடத்தில் பாதைக்காரர்களின் ‘பாதி விதி’யை நினைவில் வைக்கலாம்: பாதையின் ஏற்றம் குன்றுச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்ணீர் பாதையை விட்டு இறங்காது, பாதையோடேயே ஓடும்.

சாலைகள், ஆறுகள், தண்ணீர்

பெரிய சாலைகளைக் கடக்கும் இடங்களில் பணம் செலவழித்த இடமும் செலவழிக்காத இடமும் பளிச்சென்று தெரிகின்றன. எம்3-க்கு மேம்பாலம், குயின் எலிசபெத் பூங்காவில் ஏ3-க்கு அடியில் வழி, சவுத்தீஸில் ஏ26-க்கு மேல் பாலம் என இவையெல்லாம் நிம்மதி. வாஷிங்டன் கிராமத்தருகே ஏ24 அப்படியில்லை. நேர்வழி, வேகமாக வண்டிகள் பறக்கும் இரட்டைச் சாலையைத் தரையிலேயே கடக்கச் சொல்கிறது. கிராமத்துக்குள் போய்ப் பாலம் வழியே திரும்பும் மாற்றுவழிக்கும் அடையாளம் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் அதையே பிடியுங்கள். மாலை வேளையில் களைத்த காலோடு, சுமை கட்டிய சைக்கிளோடு நேர்வழியில் கடக்க வேண்டாம்.

ஆம்பர்லியில் அருண், போட்டல்ஃப்ஸில் ஆடர், சவுத்தீஸில் ஊஸ் என ஆறுகளைக் கடப்பதில் சிக்கலே இல்லை. போட்டல்ஃப்ஸில் டவுன்ஸ் லிங்க் வந்து சேர்கிறது. பழைய ரயில் தடத்தில் கில்ட்ஃபர்டு அருகிலிருந்து ஷோரம் வரை வரும் 59 கிலோமீட்டர் பாதை அது. இரண்டு நல்ல பாதைகள் இப்படிக் கைகோக்கும் இடங்கள் இன்னும் நாலைந்து இருந்தால் தென் இங்கிலாந்தின் வரைபடமே வேறாக இருக்கும்.

குன்று முதுகில் ஊற்றே கிடையாது. சுண்ணாம்பு எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். அதனால் வழியில் வைத்திருக்கும் குடிநீர்க் குழாய்கள் பெரிய உதவி. காக்கிங், போட்டல்ஃப்ஸ், சாடில்ஸ்கோம் பண்ணை, சவுத்தீஸ் தேவாலயம் ஆகிய இடங்களில் குழாய் உண்டு. கோடையில் இரண்டு லிட்டராவது சுமந்து ஒவ்வொரு குழாயிலும் நிரப்புங்கள். கடும் குளிரில் குழாய்களை அடைத்து வைப்பதும் உண்டு.

லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு இது மிக எளிது. வாட்டர்லூவிலிருந்து வின்செஸ்டர் ஒரு மணி நேரம். முழுதும் ஒரே மூச்சில் ஓட்டத் தேவையில்லை. ஆம்பர்லி, சவுத்தீஸ் இரண்டு நிலையங்களும் பாதையிலேயே இருக்கின்றன. முதல் தடவைக்கு ஆம்பர்லியில் இறங்கிக் கிழக்கே சவுத்தீஸ் வரை போய்ப் பாருங்கள். சாங்டன்பரி வளையம், டெவில்ஸ் டைக், டிச்லிங் பீக்கன் என்று சிறந்த பகுதி அதில் அடங்கிவிடும். வார நாட்களின் நெரிசல் நேர ரயிலில் மடக்காத சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள்.

அடையாளங்கள்

நீல அம்பு பிரைடில்வே, மஞ்சள் அம்பு நடைபாதை, ஊதா அம்பு மோட்டார் போகாத வண்டிப்பாதை, சிவப்பு அம்பு எல்லா வண்டிக்கும். தேசியப் பாதை என்பதற்கு ஓக் கொட்டைச் சின்னம். இந்தச் சின்னத்தை மட்டும் பார்த்துப் போனால் கிழக்கு முனையில் மாட்டிக்கொள்வீர்கள். ஆல்ஃபிரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. செவன் சிஸ்டர்ஸ் பாறைகள் வழியே கடலோரம் போவது நடப்பவர்களுக்கு மட்டும். விண்டோவர் குன்றில் ஏறி ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்னில் இறங்குவதே சைக்கிள் வழி. இரண்டிலும் ஓக் கொட்டை இருக்கும், அம்பின் நிறத்தைப் பாருங்கள். ஆல்ஃபிரிஸ்டனில் இந்தப் பிரிவை இன்னும் பெரிதாக, இன்னும் முன்னதாகவே காட்ட வேண்டும்.

குறைகளும், அவற்றைக் குறைக்கும் வழியும்

பெருங்குறை பாதையில் இல்லை, பாதைக்கு வந்து சேர்வதில் இருக்கிறது. கீழே கிராமங்களிலிருந்து குன்றேறும் வழிகளில் பல நடைபாதைகள். குன்றின் மேல் மகிழ்ச்சியாக ஓட்டியவர் கீழே இறங்கி வளையமாக வீடு திரும்ப வேகச் சாலையில் போக வேண்டியிருக்கிறது. அரைக் கிலோமீட்டர் நடைபாதை ஒன்றுக்குத் தகுதி உயர்ந்தாலே பத்து கிலோமீட்டர் வளையம் உருவாகும் இடங்களை வரைபடத்தில் விரல்விட்டுக் காட்டலாம்.

இதற்கு மூன்று வழி. நில உரிமையாளர் சம்மதித்தால் அனுமதிப் பாதை. விரைவில் கிடைக்கும், ஆனால் அவர் நினைத்தால் நிறுத்திவிடலாம். நெடுஞ்சாலைச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி நிர்வாகமும் உரிமையாளரும் செய்யும் ஒப்பந்தம். இது நிரந்தரம், கேட்க வேண்டியதும் இதைத்தான். மூன்றாவது, அந்தப் பாதைக்குப் பழங்காலத்திலேயே உயர்ந்த தகுதி இருந்தது என்று நிரூபித்துப் பதிவைத் திருத்தக் கோருவது. தசமவரி வரைபடங்கள், நில அடைப்பு ஆணைகள், 1910-ஆம் ஆண்டு நிலவரி வரைபடங்கள் மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் வழக்கு பலமாக நிற்கும். ஓராண்டுக்குள் நிர்வாகம் முடிவெடுக்காவிட்டால் மேல்முறையிட்டு உத்தரவு கேட்கலாம். பழைய பாதைகளைப் பதிய வைத்திருந்த கடைசி நாளை நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதற்காகத் தேடலைத் தள்ளிப்போட வேண்டாம். மக்கள் 20 ஆண்டு பயன்படுத்தி வந்ததும் ஆதாரம்தான், அதற்குச் சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இருக்கும் பாதையின் பழுதுக்கு யார் பொறுப்பு என்று தெரிந்து எழுதினால் வேலை பாதி முடிந்த மாதிரி. கேட் நில உரிமையாளருடையது. பராமரிப்புச் செலவில் கால் பங்காவது நிர்வாகம் தர வேண்டும். தரை நிர்வாகத்துடையது. பக்கத்து வேலியிலிருந்து நீட்டும் கிளை உரிமையாளருடையது, தரையிலிருந்து முளைக்கும் புதர் நிர்வாகத்துடையது. உழுத வயல் நடுவே போகும் பிரைடில்வேயை முதல் உழவிலிருந்து 14 நாளுக்குள், அடுத்தடுத்த வேலைகளுக்கு 24 மணி நேரத்துக்குள், குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குச் சீர்செய்து தர வேண்டும். வயலோரமாகப் போவதை உழவே கூடாது. அதற்கு 3 மீட்டர்.

‘கேட் சரியில்லை’ என்று எழுதாதீர்கள். வரைபடத்தில் இடத்தைக் காட்டும் எட்டு இலக்கக் கட்ட எண், அதன் முன்னெழுத்துகளோடு, பாதையின் எண், இரண்டு படம், ஒன்று தூரத்திலிருந்து தூணும் தரையும் தெரிய, ஒன்று தாழ்ப்பாளின் அருகில். வாசகம் இப்படி: ‘கீல் தூண் வெளிப்பக்கம் சாய்ந்துள்ளது. தாழ்ப்பாள் நாக்கு கொண்டிக்கு 4 சென்டிமீட்டர் கீழே நிற்கிறது. குதிரை மேலிருந்து திறக்க முடியாது.’ இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். சட்டம் அளப்பது குதிரையை வைத்துத்தான். உங்கள் சக்கரத்தைப் பற்றி மட்டும் எழுதினால் கோப்பு நகராது. தரை பழுதாகி நிர்வாகம் அசையாவிட்டால் நெடுஞ்சாலைச் சட்டம் 56-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்புக் கொடுக்கலாம். பொறுப்பை ஏற்கிறதா இல்லையா என்று ஒரு மாதத்தில் அது பதில் சொல்ல வேண்டும். ஹாம்ப்ஷர், மேற்கு சசெக்ஸ், கிழக்கு சசெக்ஸ் என நிர்வாகங்கள் மாறிக்கொண்டே போகும் பாதை இது. சரியான அலுவலகத்துக்கு அனுப்புங்கள், வரும் பதிவெண்ணைக் குறித்து வையுங்கள்.

குதிரையைக் கண்டால் மணி மட்டும் அடிக்காமல் தூரத்திலேயே குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது. மெதுவாக, அகலமாக ஒதுங்கிப் போங்கள். பின்னாலிருந்து வருவதானால் ‘எந்தப் பக்கமாகக் கடக்கட்டும்?’ என்று குதிரைக்காரரிடமே கேளுங்கள்.